காய்ச்சலுக்குப் பெயர் வைப்பவர்

கொசு பரப்புவதைப் பற்றியும் எலி பரப்புவதைப் பற்றியும் ஊரில் ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள். அவற்றைப் பற்றிய பீதியைப் பரப்பும் மனிதரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம். அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கிறேன். இவர்தான் காய்ச்சலுக்குப் பெயர் வைப்பவர். அலுவலகம், சலூன், பஸ் நிறுத்தம், எங்கும் செழித்து வளர்வார். தடுப்பூசி இன்னும் வரவில்லை.

அடையாளம் காண்பது சுலபம். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் மாத்திரை போட்டீர்களா என்று கேட்பார்கள். இவர், கடித்தது எது என்று கேட்பார். எதுவும் கடிக்கவில்லை ஐயா, நேற்று மழையில் நனைந்துவிட்டேன் என்று சொல்லித்தான் பாருங்களேன். உங்களைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்து, போனை எடுத்து, கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ காட்டில் உண்ணி கடித்த விறகுவெட்டியில் ஆரம்பித்து, எலிப் புழுக்கை காய்ந்து கிடந்த கிடங்கு, கப்பலேறி வந்த கொசு, ஹான்டா வைரஸ், ஜிகா வைரஸ், விஞ்ஞானிகளே இன்னும் பெயர் வைக்காத ஒன்று என்று வரிசையாக இறக்கி, கடைசியில் அந்தப் பெயரில்லாததை உங்கள் தலையில் கட்டிவிட்டுத்தான் நகர்வார். வெறும் காய்ச்சல் என்பது அவருக்கு அவமானம்.

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒருவர் இருக்கிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. எங்களுக்கெல்லாம் வைரஸ் சார். கீழ்த்தளத்து சாமான் அறையில் எலி ஓடியதைப் பார்த்த அன்றே, உள்ளே போனால் நுரையீரல் போய்விடும் என்று பூட்டுப் போட்டு, சாவியையும் தானே எடுத்துக்கொண்டார். எலிகளுக்கு இதைவிட நல்ல வீட்டுக்காரர் வாய்ப்பாரா? குடும்பம் குட்டி என்று பெருகிவிட்டன. எதிர்வீட்டு டீச்சரின் நாய்க்கு உண்ணி பார்க்கிறேன் என்று கையுறை மாட்டிக்கொண்டு போனார். நாய்க்கு ஒன்றுமில்லை, இவர் கையில்தான் தையல்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் பேச்சில் பொய் குறைவு, முக்கால்வாசி நிஜம். அதுதான் வயிற்றெரிச்சல்.

இப்பேர்ப்பட்டவர் பால்கனியில் ஒரு வாயகன்ற கண்ணாடி பாட்டிலில் கொசுப்புழு வளர்த்தார். எதற்கு? வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டி, தேங்கிய தண்ணீரின் ஆபத்தை விளக்குவதற்கு. வாயில் வலைத்துணி கட்டித்தான் வைத்திருந்தார். துணி மறைக்கிறது, மேலிருந்து சரியாகத் தெரியவில்லை என்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஒரு வார்த்தை சொன்னார். உடனே அவிழ்த்தார். பேச்சு சுவாரசியத்தில் திரும்பக் கட்ட மறந்தார். இரண்டொரு நாளில் பாட்டிலில் வெறும் தண்ணீர். பாவம், செத்துப்போய்விட்டன என்று வருந்தி, குடியிருப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து புதிதாகப் பிடித்து விட்டார். அவையும் காணாமல் போயின. மறுபடி பிடித்தார். செத்திருந்தால் பிணம் எங்கே என்று அந்த அறிவாளிக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சமயத்தில் கீழ்வீட்டுத் தையல்காரர் டெங்குவில் படுத்திருந்தார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கொஞ்ச நாளில் வைரஸ் சாரின் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது.

எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த தையல்காரர் மாடியேறி வந்து, ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள், எனக்கும் இப்படித்தான் இருந்தது என்றார். டெங்குவெல்லாம் பழசு என்று வைரஸ் சார் கையை உதறினார். மூன்று நாள் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதா, முழங்கையில் சிவப்பு தெரிகிறதா, போன மாதம் புல்தரையில் உட்கார்ந்தாயா என்று கேட்டுக் கேட்டுப் போனில் தேடினார். அந்த அம்மா தண்ணீர் கேட்டார். வெறும் தண்ணீர் நல்லதா, உப்பு சர்க்கரை கலந்தது நல்லதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், இரு என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மாலை அந்த அம்மா பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தார். நானும் தையல்காரரின் மனைவியும்தான் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினோம். அந்த அம்மாவின் கை துவண்டு தொங்கியது.

டெங்குதான். உடம்பில் நீர் வற்றிவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். வீட்டில் எங்கேயாவது தண்ணீர் தேங்குகிறதா என்று கேட்டார். எங்கள் வீட்டிலா என்று வைரஸ் சார் நிமிர்ந்து உட்கார்ந்து, கொசுவின் வாழ்க்கைச் சரித்திரத்தைத் தொடங்கப் போனார். கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"பால்கனியில பாட்டில்ல வளக்கறாரு, டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நேரத்தில் சிரிக்கக் கூடாதல்லவா?

டாக்டர் போனதும் மனிதர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, டெங்கு என்று நிச்சயமாகத் தெரியுமா, வேறு ஏதாவது டெஸ்ட் எடுத்தால் என்ன என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்தது கவலை மட்டுமல்ல, ஏமாற்றமும்தான்.

"பேரு எதுவா இருந்தா என்னங்க," என்றார் அந்த அம்மா. "மூணு நாளா பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. ஒரு தடவயாவது என் நெத்தியில கை வெச்சுப் பாத்தீங்களா?"

வைரஸ் சார் போனைச் சட்டைப்பையில் போட்டார். கையை எடுத்துக் கொண்டுபோய் நெற்றியில் வைத்தார். சுட்டது. அவருக்கு அது புதுச் செய்தி. டம்ளரில் தண்ணீர் ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தார்.

அந்த அம்மா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார், பாட்டிலும் தொலைந்தது. இப்போது நீங்கள், அட, இது நம் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று சிரிக்கிறீர்கள். அவருக்கே இதை அனுப்பிவைக்கலாமா என்றுகூட யோசித்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. வீட்டில் யாராவது உடம்பு சுடுகிறது என்றால் உங்கள் கை முதலில் எங்கே போகிறது, நெற்றிக்கா, போனுக்கா? எனக்குச் சொல்ல வேண்டாம். வீட்டில் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.