வாங்க போங்க

"கேஸ்ல ஒரே ஒரு பிரச்சினைதாம்மா," என்றார் வக்கீல் அச்யுதன். "உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவரா இருக்கார்."

வடக்கு மாட வீதியில், மாடியில் ஒரு குட்டி அறைதான் அவருடைய ஆபீஸ். வருகிறவர்களுக்கென்று இரண்டு நாற்காலி இருந்தது. ஒன்றில் கேஸ் கட்டுகள் குடியேறியிருந்தன. இன்னொன்றைத்தான் சற்று முன்பு அல்போன்ஸ் தன் தோள் துண்டால் துடைத்து, ஆலிசுக்கு எடுத்துப் போட்டிருந்தார். "நீங்க உட்காருங்க ஆலிஸ். பேசிட்டு வாங்க, நான் வெளிய நிக்கறேன்," என்று சொல்லிவிட்டு, கதவைக்கூட நோகாமல் சாத்திக்கொண்டு போயிருந்தார்.

"பாத்தீங்க இல்ல சார்? ஒம்போது மாசமா இப்டித்தான் கீறாரு," என்றாள் ஆலிஸ்.

"எங்காத்துல எனக்கு யாரும் நாற்காலி துடைச்சுப் போட்டதில்லைம்மா."

"முன்னல்லாம் இன்னாமேன்னு கூப்டுவாரு சார். இப்ப வாங்க போங்கன்றாரு."

"இதுல நஷ்டம் எங்க இருக்குன்னு ஜட்ஜ் கேட்பாரே, என்ன சொல்லட்டும்?"

ஆலிசுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் வக்கீல் எதற்கு?

ஒன்பது மாதத்துக்கு முன்னால் லஸ் முனையில் ஒரு தண்ணீர் லாரி, அல்போன்சின் டிவிஎஸ் வண்டியைப் பின்னாலிருந்து தட்டியது. பிளம்பர் வேலைச் சாமான்கள் நாலாபக்கமும் பறந்தன. தலை ரோட்டு நடுச்சுவரில் மோதியது. பதினேழு நாள் நினைவில்லை. பதினெட்டாம் நாள் கண் விழித்தவரிடம் டாக்டர் ஆலிசைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார். "ஆலிஸ்," என்றார் அல்போன்ஸ். வார்டே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

ஆலிசுக்கு மட்டும் எங்கோ இடித்தது. நர்சு முதல் பெருக்குகிற அம்மா வரைக்கும் அந்த வார்டில் எல்லாரும் அவர் காதுபடக் கூப்பிட்ட பேர்தான் அது. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அல்போன்ஸ் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. வண்டி ரோசரி சர்ச் ரோட்டில் திரும்பும்போதே, "இன்னாமே, சோறாச்சா?" என்ற குரல் அவருக்கு முன்னால் அடுப்படிக்கு வந்து சேர்ந்துவிடும். "காது நல்லாத்தான் கீது, கத்தாத," என்று இவள் பதிலுக்குக் கத்துவாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த இரண்டு சத்தமும்தான் கலகலப்பு.

மூளையின் முன்பக்கத்தில் அடி, குணம் மாறும், நினைவு விட்டு விட்டு வரும், துருவித் துருவி எதையும் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆலிஸ் எதையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே அல்போன்ஸ் பாயை எடுத்து ஹாலில் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு," என்று சொன்னபோதுகூடக் கேட்கவில்லை. உள்ளே போய் விசும்பிவிட்டுப் படுத்தாள்.

"லாரியோட இன்ஷூரன்ஸ்ல நஷ்டஈடு வாங்கணும்னா, குணம் மாறினது உங்களுக்கு நஷ்டம்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்," என்றார் அச்யுதன். "பக்கத்து வீட்ல யாராவது இருக்காளா?"

பக்கத்து வீட்டில் பாஞ்சாலி இருந்தாள். 'முன்ன மாதிரி இல்ல' என்ற மூன்று வார்த்தைக்கு மேல் பேசக்கூடாது என்று வக்கீல் மூன்று நாள் பாடம் நடத்தினார். பாரிமுனைக் கோர்ட்டுக்குப் போய்க் கூண்டில் ஏறிய பாஞ்சாலி, மூன்று வார்த்தையையும் பிசகாமல் சொன்னாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் கரோல் எழுந்தார்.

"முன்ன எப்படி, இப்ப எப்படி? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க."

விளக்கமாகச் சொல்லச் சொன்னால் பாஞ்சாலி விடுவாளா?

"முன்னல்லாம் தண்ணி வந்தா கொடத்த எட்த்துக்கினு யக்காதான் ஓடும். இப்ப அண்ணன் ஓடுது. யக்கா தொவச்சா அண்ணன் காயப்போடுது. டீ குட்ச்ச டம்ளர அதுவே கழுவிக் கவுத்து வெக்குது மேடம்."

"அப்ப இதுல யாருக்கு நஷ்டம்?"

"எனுக்குத்தான். இதையெல்லாம் பாத்துக்கினே கீறாரு, எங்க வூட்டுக்காரரு திருந்தல. அந்த லாரி இன்னா நம்பர் மேடம்?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அச்யுதன் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இந்த ஓட்டையை அடைக்க அவசரமாக ஜெஃப்ரியைக் கூண்டில் ஏற்றினார். ஜெஃப்ரி அல்போன்சோடு பதினைந்து வருஷம் வேலை பார்த்தவன். அடையாறில் ஒரு வீட்டில் அண்ணன் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, எதற்குக் கழற்றினோம் என்பதே மறந்து டீ குடிக்கப் போய்விட்டதையும், ஹால் முழுக்கத் தண்ணீர் நின்றதையும், அதற்குப் பிறகு யாருமே வேலைக்குக் கூப்பிடாததையும் கண் கலங்கச் சொன்னான். அச்யுதனுக்கு உயிர் வந்தது.

"அந்த வீட்டுக்காரங்க சண்டை போட்டாங்களா?" என்று கேட்டார் கரோல்.

"எங்க மேடம்? அண்ணன் கை கூப்பி மன்னிப்பு கேட்டாரு. அவங்க காபி குடுத்து அனுப்பிட்டாங்க. முன்னல்லாம் வேலைய கரெக்டா முடிச்சாக்கூட அண்ணன் வாயால சண்டை வந்துரும்."

கரோல் புன்னகையோடு உட்கார்ந்தார்.

கேஸ் எக்கேடு கெட்டுப் போகட்டும், ஒரே ஒரு தடவை அவர் வாயால் திட்டு வாங்கினால் போதும் என்று ஆலிசுக்கு வெறியே வந்துவிட்டது. மறுநாள் வஞ்சிரக் குழம்பில் வேண்டுமென்றே ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். பழைய அல்போன்சாக இருந்தால் சட்டி கச்சேரி ரோடு வரைக்கும் போயிருக்கும். புது அல்போன்ஸ் இரண்டு கவளம் சாப்பிட்டார், ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார், மறுபடி சாப்பிட்டார். கண்ணில் நீர் தளும்பியது.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றார். "சிரமம் இல்லன்னா கொஞ்சம் மோர் கிடைக்குமா?"

ஆலிஸ் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். திட்டுக்காக ஒரு பெண் அழுவாளா என்று கேட்டால், அழுவாள். அந்தத் திட்டில்தான் அவளுடைய மனுஷர் இருந்தார். இப்போது வீட்டில் வளைய வருகிறவர் யாரோ ஒரு கண்ணியமான விருந்தாளி. அன்று சாயந்திரம் அந்த விருந்தாளி பிரிட்ஜ் மேல் இரண்டு முழம் மல்லிகையை வைத்துவிட்டு, "பூக்காரம்மா மிச்சம்னு குடுத்தாங்க. உங்களுக்கு உபயோகப்படுமான்னு தெரியல," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு ஆலிஸ் மறுபடியும் அழுதாள்.

அடுத்த வாய்தாவில் முதலில் அல்போன்சைக் கூப்பிட்டார்கள். தலையில் அடிபட்ட மனுஷர் என்று மனுவிலேயே எழுதியிருந்ததால் ஜட்ஜ் இதமாகத்தான் பேசினார். ஆலிசைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

"ஆலிஸ் மேடம்ங்க ஐயா. இவங்கள மாதிரி ஒரு நல்ல மனுஷிய நான் பார்த்ததே இல்லீங்க."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். இப்படி ஒரு வாக்குமூலத்தைத் தம் பணிக்காலத்தில் எந்தப் புருஷனும் கொடுத்ததில்லை போலிருக்கிறது. வேறு கேள்வி இல்லை என்றார் கரோல். அச்யுதன் ஆலிசைப் பார்த்த பார்வையில், எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது.

"நீங்க பேசிக்கிட்டிருங்க ஐயா, நான் வெளிய இருக்கேன்," என்று ஜட்ஜுக்கே உத்தரவு கொடுத்துவிட்டு அல்போன்ஸ் வராந்தாவுக்குப் போனார். வாசலில் மார்புக்குக் குறுக்கே டவாலிப் பட்டை போட்டுக்கொண்டு நின்ற கோர்ட் சேவகர் சர்தார் பாய் அவருக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "ஆலிஸ், ஆலிஸ், ஆலிஸ்," என்று மூன்று தரம் கூவினார். இரண்டடி தூரத்தில் நின்றிருந்த ஆலிஸ் கூண்டில் ஏறினாள்.

"விபத்துக்கு முன்னாடி உங்க கணவர் குடிப்பாரா?" என்று ஆரம்பித்தார் கரோல்.

"ஞாயித்துக்கெழம மட்டும் மேடம்."

"இப்ப?"

"தொட்றதில்ல."

"முன்னாடி உங்களுக்குப் பூ வாங்கிக் குடுத்திருக்காரா?"

"கல்யாணத்தன்னிக்கு. அதுவும் எங்க மாமியார் வாங்குனது."

"இப்ப?"

"தெனம் ரெண்டு முழம்."

"அப்புறம் உங்களுக்கு என்னம்மா குறை?"

ஆலிஸ் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். வக்கீல் சொல்லிக்கொடுத்த எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"மேடம், உங்களுக்குத் தெரியாத வூட்டுக்குப் போனா வாங்க போங்கன்னு பேசுவீங்க இல்ல? அது மரியாதை. என் வூட்டுக்காரர் என்னாண்ட அப்டித்தான் பேசுறாரு. இருவத்திரெண்டு வருசம் அந்தாளு கத்துன கத்தல்ல எங்க தெருவே முழிச்சிக்கும். ஆனா நான் எதிர்ல நிக்கும்போது என்னத்தான் பாத்துக் கத்துனாரு. இப்ப எதிர்லதான் உக்காந்துகீறாரு, ஆனா ரொம்ப தூரமா கீறாரு. நீங்க குடுக்குறத குடுங்க, குடுக்காம போங்க. எனுக்கு அவரு வோணும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கரோல்கூடக் காகிதத்தைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டார். ஜட்ஜ் ஏதோ எழுதினார். அப்புறம், மனுதாரரின் வருத்தம் புரிகிறது, ஆனால் கணவர் மனைவியை மதிப்பதை நஷ்டம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது என்று மட்டும் யாராவது சொன்னால் நல்லது என்றார். அடுத்த மாதம் தீர்ப்பு என்று சொல்லி எழுந்துவிட்டார்.

"தேறாதும்மா," என்றார் அச்யுதன், கட்டைக் கட்டிக்கொண்டே. "வேலை போனதுக்கு ஏதோ வரும். மத்ததுக்கு ஆதாரம் வேணும். அது நம்மகிட்ட இல்லை."

ஆலிஸ் வெளியே வந்தாள். வராந்தாக் கோடியில் அல்போன்ஸ் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்திருந்தது. இவள் அவரை நோக்கி இரண்டு அடி வைப்பதற்குள் சர்தார் பாய் குறுக்கே வந்து, டவாலியை இழுத்துவிட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எட்த்துக்காதம்மா. அந்த மன்சன் இத்தினி மாசமா உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னு கீறாராம், தைரியம் வரலயாம். உனக்குக் கல்யாணம் ஆயிட்ச்சான்னு என்னைக் கேட்டுச் சொல்லச் சொல்றாரு."