பல்லில் படாத பச்சைத் தண்ணீர்

"பச்சத் தண்ணி பல்லுல படாம மலைய சுத்திட்டு வர்றேன், போதுமா?" என்றார் கோதண்டராமன்.

"தண்ணியெல்லாம் நல்லா குடிங்க. யாரு மேலயும் எரிஞ்சு விழாம வந்தா போதும்" என்றாள் மனைவி அருணாதேவி. "சாயங்காலம் மாப்ள வீட்டுக்காரங்க வர்றப்ப கூடத்துல உக்காரலாம். இல்லன்னா மொட்ட மாடிதான்."

அவளைக் குறை சொல்ல முடியாது. மகள் தேவிப்ரியாவுக்கு வந்த இரண்டு வரன்கள் அப்பாவின் வாயால் ஓடியிருந்தன. காபியில் சர்க்கரை கம்மி என்றவரிடம், "உங்க வூட்ல மூட்ட மூட்டயா வச்சிருக்கீங்களோ?" என்று கேட்ட மகான் அவர். இந்தத் தடவையாவது மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உள்ளூர ஏங்கினார்.

காலை ஆறு மணிக்கு வெறுங்காலோடு கிரிவலம் கிளம்பினார். பதினாலு கிலோமீட்டர். தாகத்தையே அடக்குகிறவனுக்குக் கோபத்தை அடக்குவது ஒரு வேலையா?

நாலாவது கிலோமீட்டரில் நாக்கு ஒட்டிக்கொண்டது. சுக்குக் காபிக் கடை அப்பாதுரை ஸ்டூலைத் தட்டிப் போட்டார்.

"அருணாக்கா வூட்டுக்காருதான நீங்க? உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிங்க சார்."

"வேணாங்க" என்று பல்லைக் கடித்தபடி சிரித்தார்.

இனி யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று நடையை விரட்டினார். தாகம் இன்னும் ஜாஸ்தியானது. ஆதி அண்ணாமலை தாண்டியதும், முன்னால் போகிறவர்கள் எல்லாம் வேண்டுமென்றே குறுக்கே நடப்பதாகப் பட்டது. கிலோமீட்டர் கல்லை எவனோ தள்ளி நட்டிருக்கிறான் என்று மனசுக்குள் திட்டினார். மனசுக்குள் திட்டினால் கணக்கில் வராது. வெளியே வந்துவிடாமல் இருக்க வாயைத் துண்டால் கட்டினார். மூச்சு முட்டி, கோபம் தலைக்கேறியது.

ஈசானிய லிங்கத்தருகே டீக்கடை உண்ணாமலை சொம்போடு வழிமறித்தாள்.

"உக்காருங்கண்ணா, தண்ணி..."

"நான் கேட்டனா? ஊர்ல எல்லாருக்கும் இன்னிக்கு என்னா வந்துச்சு?" துண்டு பறந்தது.

கத்தி முடித்த பிறகுதான் எல்லாம் போயிற்று என்று புரிந்தது. வெட்கத்தோடு கடை ஸ்டூலில் உட்கார்ந்து, சொம்பை வாங்கிக் கடகடவென்று குடித்தார்.

அரைச் சொம்பில் உண்ணாமலை நல்லவளாகத் தெரிந்தாள். முழுச் சொம்பில் கால்வலி பாதியானது. மிச்ச வழி கூப்பிடு தூரம்தான் என்று தோன்றியது.

"மன்னிச்சிரும்மா. மொட்ட மாடின்னா மொட்ட மாடி. வூட்டுக்குப் போயி அவகிட்ட உண்மைய சொல்லிடறேன்" என்று எழுந்தார்.

உண்ணாமலை பதறிப்போய் ஸ்டூலை மறுபடி இழுத்துப் போட்டாள்.

"எழுந்துக்காதீங்கண்ணா! உங்கள எங்கயாச்சும் உக்கார வைக்கச் சொல்லி அருணாக்கா காலையிலேர்ந்து வழியில உள்ள கடைக்கெல்லாம் போன் மேல போன். சாயங்காலம்னு உங்ககிட்ட சொன்னது சும்மா. மாப்ள வீட்டுக்காரங்க காலையிலயே வந்து சம்மதம் சொல்லி, இப்பதான் உங்க வூட்ல கை நனைக்கறாங்களாம்!"