கறுப்பு அங்கியும் கத்தரிக்காய்க் குழம்பும்

மாமல்லபுரம் குப்பம்,
மார்கழி, 1977

மரியாதைக்குரிய மச்சான் அருணகிரி அவர்களுக்கு, மைத்துனன் மூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. செங்கல்பட்டில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமாக இல்லை.

வருகிற சனிக்கிழமை சென்னையில் எங்கள் கல்லூரிப் பட்டமளிப்பு விழா. இந்தக் குப்பத்தில் முதல் பி.ஏ. நான்தான். ஆடி மாதமே நைனாவிடம் சொன்னேன். வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "அதான் பாஸாய்ட்டியே, அத்த இன்னாத்துக்கு நேர்ல போய் வாங்கணும்? தபால்ல வராதா?" என்றார். அன்றோடு வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். சவரமும் செய்துகொள்வதில்லை.

கார்த்திகை முதல் வாரம் சீனியர் ஏசுதாஸிடம் கறுப்பு அங்கியை இரவல் வாங்கிவந்து, மடித்துப் பெட்டிமேல் வைத்தேன். மறுநாளிலிருந்து வீட்டில் ஏதோ சதி நடக்கிறது மச்சான். கரைக்கு வஞ்சிரம் வருகிறது, என் தட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வருகிறது. கேட்டால், "நீ இப்ப அத்தயெல்லாம் துண்ணக்கூடாது சாமி" என்கிறாள் அம்மா. பெற்ற மகனைச் சாமி என்றால் கிண்டலில்லாமல் வேறென்ன? நம்மிடம் மீனை வாங்கிக்கொண்டு, கை பட்டுவிடுமோ என்று காசைத் தூக்கிப் போடுகிறார்களே, அவர்களோடு நானும் சேர்ந்துவிட்டேன் என்றுதானே குத்திக்காட்டுகிறாள்? என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். விடியுமுன் எழுப்பிப் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்கிறாள். தங்கை வேண்டாவைத் திடீரென்று சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தெரியாமல் மாப்பிள்ளை பார்க்கிறீர்களா என்றால், அம்மா விளக்கேற்றப் போய்விடுகிறாள். எல்லாவற்றையும்விடப் பயமாக இருப்பது நைனாதான். குடிப்பதில்லை, என்னைத் திட்டுவதுமில்லை. நேற்று, "எப்ப கெளம்புற சாமி?" என்று கேட்டார். "சனிக்கிழமை" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மேடையில் என் பெயரைப் படிக்கும்போது கீழே நம் ஆள் ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும் மச்சான். மற்றவனுக்கெல்லாம் அப்பன் கோட்டு போட்டுக்கொண்டு வருவான். லாரிக்கு லீவு சொல்லிவிட்டு நீங்கள் வாருங்கள். விழா முடிந்ததும் நான் குப்பத்துக்குத் திரும்பப் போவதில்லை. இவர்கள் வஞ்சிரத்தை இவர்களே தின்னட்டும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் லாரி எந்த ஊர்ச் சாலையிலும் நின்றுவிடாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
மூர்த்தி, பி.ஏ.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது நைனா வந்தார். இடுப்பில் கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை. "நானும் வரேன் சாமி. உன்ன ஒண்டியா சபரிமலைக்கு அனுப்ப மனசு வரல" என்றார். கார்த்திகையில் தாடியும் கறுப்புத் துணியுமாக இருந்தவனை என்னவென்று நினைப்பார்கள்? மாலை சட்டைக்குள் இருக்கும் என்று விட்டுவிட்டார்களாம். வேண்டாவை அனுப்பியதும் விரதத்துக்காகத்தானாம். கடவுளே இல்லை என்று திரிகிற நான், எனக்கே தெரியாமல் ஒரு மாதம் சுத்தமாக விரதம் இருந்திருக்கிறேன். மலை இல்லை நைனா, பட்டமளிப்பு விழா என்றேன். மாலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அங்க கறுப்பு கட்டிக்கினு வந்தா உள்ள வுடுவாங்களா?" என்றார். அங்கே எல்லாருமே கறுப்புதான் என்றேன். "அப்போ அத்தயும் வாங்கிக்கினு, அப்படியே எழும்பூர்ல ரயில் ஏறிக்கலாம். மால போட்டாச்சே" என்றார். விழாவுக்கு நீங்கள் வரமுடியாவிட்டாலும் பரவாயில்லை மச்சான். அக்காவிடம் சொல்லி எனக்கு ஒரு இருமுடிப் பை தைத்து அனுப்புங்கள்.