சகதிக் குவியலுக்குக் காவல்

அக்ராவில் எங்கள் தெருச் சாக்கடையை வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், நாங்களே கூடித் தூர்வாருவோம். வாரிய சகதியைச் சாக்கடை ஓரத்திலேயே குவித்துவைப்போம். வாருவது மக்கள் கடமை; அள்ளிக்கொண்டுபோவது மாநகராட்சியின் கடமை. மாநகராட்சி தன் கடமையை மறந்ததே இல்லை, செய்யத்தான் நேரம் இருப்பதில்லை. முதல் மழையில் குவியல் சாக்கடைக்குள் திரும்பிவிடும். ஆகவே அடுத்த வருஷம் வாருவதற்குச் சகதிக்குப் பஞ்சமே கிடையாது.

இதில் நஷ்டம் டெடே அக்காவுக்குத்தான். சோள மாவை உருட்டி, மடலில் கட்டி, கெங்கே அவித்து விற்கிறவள். அவள் அடுப்படி தெருவின் பள்ளத்தில் இருக்கிறது. போன மழையில் அடுப்பு கரைந்து, ஊறவைத்த சோளம் சாக்கடைத் தண்ணீரில் மிதந்தது.

இந்த வருஷம் லாமிலே ஒரு யோசனை சொன்னாள். எங்கள் தெருப் பெண்தான். ஓவியம் வரைவாள், கண்காட்சியும் அமைப்பாள். சமூகத்தையும் சுற்றுச்சூழலையும் கலையால் தட்டி எழுப்புவது அவள் வேலை.

"அள்ளுங்கன்னு கேட்டா வரமாட்டாங்க. கலைப்பொருள்னு போர்டு வச்சிடுவோம். வெட்கப்பட்டு அள்ளிட்டுப் போவாங்க."

"அவங்களுக்கா வெட்கம்?" என்றாள் டெடே அக்கா. "சரி, வையி. என் அடுப்பு நனையாம இருந்தாப் போதும்."

'காத்திருப்பு: சகதி, தண்ணீர்ப் பை, ஒற்றைச் செருப்பு' என்று போர்டு நட்டு, குவியல்மேல் ஒரு செருப்பையும் செருகிவைத்தாள். பத்திரிகையில் படம் வந்தது. மறுநாளே மாநகராட்சி வந்தது. லாரியோடு அல்ல, கயிறோடும் ஒரு காவலாளியோடும். வடிகால் மற்றும் பண்பாட்டுப் பிரிவு அதிகாரி சோவா முன்நின்று குவியலைச் சுற்றிக் கயிறு கட்டவைத்தார்.

"ஐயா, இது அள்ளுறதுக்கு வச்சது," என்றாள் லாமிலே.

"தங்கச்சி, உங்க படைப்போட அருமை உங்களுக்கே தெரியலை. குப்பைன்னா அள்ளலாம். கலைன்னா தேசத்தோட சொத்து, தொட்டா தண்டனை."

"அப்ப இது கலை இல்லைன்னு நானே சொல்றேன்."

"அதைச் சொல்ல ஒரு குழு இருக்கு. மழைக்காலம் முடிஞ்சதும் கூடும்."

டெடே அக்கா வானத்தைப் பார்த்தாள். "மழையும் அந்தக் குழுவுல உறுப்பினரா ஐயா?"

குவியலுக்குத் திறப்பு விழா நடந்தது. பிரமுகர்கள் வரிசைக்கிரமப்படி வணங்கப்பட்டார்கள். பூசாரி மூதாதையருக்கு மது வார்த்து, நாட்டுக்கு நல்ல மழை கேட்டார். "அப்படியே ஆகட்டும்" என்றோம் எல்லோரும், டெடே அக்காவைத் தவிர. வெயில் கடுமை. தண்ணீர்ப் பையின் மூலையைக் கடித்துக் குடித்துவிட்டு, வெறும் பையைத் தூர்வாரிய சாக்கடையில் போட்டோம். நானும்தான்.

கேட்ட மழை அன்று மாலையே கிடைத்தது.

காலையில் கயிறு இருந்தது. காவலாளி இருந்தார். குவியலைக் காணோம். சோவா ஐயா கலைப்பொருள் திருட்டு என்று முடிவுசெய்து, வீடு வீடாகத் தேடினார். டெடே அக்காவின் அடுப்படியில் முழங்கால் ஆழத்துக்கு அகப்பட்டது.

"அம்மா, தேசத்தோட சொத்து உங்க வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"வழக்கமா வர்ற வழியாத்தான். வருஷாவருஷம் வருது. தேடிக்கிட்டு ஆள் வந்தது இதுதான் முதல் தடவை."

"விசாரணை முடியுற வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது," என்று அவர் அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். அக்கா கரைந்த அடுப்பையே பார்த்தாள். லாமிலே குனிந்து, சகதியிலிருந்து செருப்பை எடுத்தாள்.

"ஐயா, இது வலதுகால் செருப்பு. நான் வச்சது இடதுகால். இது என் படைப்பில்லை."

"போலியா?"

"சுத்தப் போலி."

செருப்பைத் துடைத்துச் சரிபார்க்க அவர் விரும்பவில்லை. "போலிக்கு நாங்க பொறுப்பில்லை. நீங்களே அகற்றிக்கோங்க," என்று சொல்லிவிட்டு, அசலைத் தேடி அடுத்த தெருவுக்குப் போனார்.

சந்தோஷம் தாங்கவில்லை எங்களுக்கு. தெருவே திரண்டது. கூடை, முறம், கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு அள்ளினோம். லாமிலே தன் போர்டைப் பிடுங்கி அதாலேயே வழித்தாள். மத்தியானத்துக்குள் அடுப்படி பளிச்சென்று ஆகிவிட்டது. டெடே அக்கா புது அடுப்புக்கு மண் பிசைய உட்கார்ந்தாள்.

"நல்லா இருங்கப்பா," என்றாள். "அள்ளினதை எங்கே கொட்டினீங்க?"

திரும்பிப் பார்த்தோம். சாக்கடை ஓரத்தில், போன தடவையைவிட அழகாகவே குவித்திருந்தோம்.