நாக்குக்குச் சாவி

சாவி ஐயா வந்த பிறகு பல் டாக்டரிடமே கூட்டம் குறைந்துவிட்டது. வாய் சம்பந்தப்பட்ட எதற்கும் சனம் ஐயாவிடமே ஓடியது. பேசாத குழந்தையைப் பேச வைப்பது அவர் தொழில். குழந்தையின் நாக்கில் கண்ணுக்குத் தெரியாத பூட்டு தொங்குகிறதாம். அதற்கான வெள்ளிச் சாவி ஐயாவிடம் இருக்கிறதாம். பூட்டைப் பார்த்தவர் எவருமில்லை. சாவியைத்தான் பார்த்தார்களே, போதாதா!

சலவைக்கடைக்காரருக்குப் போதும். மகளுக்கு இரண்டு வயது தாண்டியும் "பா" ஒன்றுதான் பேச்சு. அது அப்பாவா, பாலா, பாயா என்றே புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை கதையளக்கும்போதெல்லாம் இவர் தன் மகளின் வாயையே பார்ப்பார்.

"வீட்ல யாரும் குழந்தைகிட்ட பேசாதீங்க," என்றார் ஐயா. "சத்தம் பட்டா பூட்டு துருப்பிடிச்சிடும்."

அப்படியே நடந்தார் மனிதர். சோறூட்டும்போது வாயை மூடிக்கொண்டு, குழந்தை கையில் போனைக் கொடுத்தார். "பா" என்று அவள் கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார், எல்லாம் பாசத்தில்தான். சில வாரங்களில் அந்தப் "பா"வும் நின்றுபோனது.

"பூட்டு இறுகிடுச்சு. நேர்ல கொண்டாங்க, திறந்துடலாம். வெளிச்சம் படாம போர்வையில சுத்தித்தான் கொண்டு வரணும்."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, பேச்சே காதுல விழாத பிள்ளை எப்படிங்க பேசும்? டாக்டர்கிட்ட காதைக் காட்டுவோம்னு எத்தனை தடவை அடிச்சுக்கிட்டேன்!"

"இந்த ஒரு தடவை மட்டும்மா."

"சரி. நீங்க முன்னால போங்க. நான் தூக்கிட்டு வரேன்."

ஐயாவின் கூடத்தில் நிற்க இடமில்லை. மேடையேறிய மனைவி, போர்வைப் பொதியை மடியில் வைத்து உட்கார்ந்தாள். ஐயா கண்களைச் செருகிக்கொண்டு, பொதிக்கு மேலே சாவியைத் திருகினார்.

"அம்மா!" கிளிக்குரல் ஒன்று கேட்டது. கூடம் அழுதது. கடைக்காரர் தேம்பியே விட்டார்.

"ஐயா, இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

"அம்மா! அம்மா!"

அவள் போர்வையை விலக்கினாள். உள்ளே தலையணை.

"எங்க வீட்டுத் தலையணைதான். கல்யாணமான நாள்லேர்ந்து என் பக்கத்துலதான் கிடக்குது. ஒரு நாளும் வாயைத் திறந்ததில்ல!"

யாரோ ஐயாவின் இருக்கைக்குப் பின்னால் தொங்கிய திரையை இழுத்தார்கள். குழாயில் வாயை வைத்தபடி அவருடைய மச்சான் குந்தியிருந்தார். கூட்டம் சிரித்த சிரிப்பில் ஐயா சாவியைக்கூட எடுக்காமல் பின்வாசலைத் தேடினார். அப்போதும் முன்வரிசையில் ஒருவர் கைகூப்பினார்: "தலையணையையே பேச வச்சாரே! என்ன சக்தி!"

"பிள்ளை எங்கே?" என்றார் கடைக்காரர்.

"எங்க அக்கா வீட்ல. அங்கேயாவது நாலு பேர் அவகிட்ட பேசுறாங்க."

மறுநாளே மகளை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார் அவர்.

டாக்டர் பார்த்தார், காதில் குறையில்லை. "நிறைய பேசுங்க. அவ பதில் சொல்றதுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்க," என்றார். கடைக்காரர் மகளைக் கடைக்கே தூக்கி வந்தார். "இது சட்டை. பொத்தான் எங்கே? அட, காட்டிட்டியே! இது யாரோட சட்டை?" கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக் காத்திருப்பார். துணி கொடுக்க வந்தவர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டுமே. ஒருநாள் மகள் ஈரச் சட்டையைப் பிடித்திழுத்து, "தட்டை!" என்றாள். அவர் அதை அப்படியே அணைத்துக்கொண்டார், மகளோடு சேர்த்து.

அவள் இப்போது பேச்சை நிறுத்துவதில்லை. அன்று கூடத்தில் அழுத பெரியவர்களும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். "ஏன்?" என்ற ஒரு சொல்தான் அவர்களுக்கு இன்னும் வாயில் வரவில்லை.