வெடிப்புக்கு உரிய உச்சரிப்பு

மனித குலத்தின் துன்பங்களுக்கெல்லாம் வறுமையும் நோயுமே காரணம் என்று உலகம் நம்பிவந்தது. கொச்சைப் பேச்சுதான் காரணம் என்ற பேருண்மையை 1961-ல், நெய்வேலியில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு காண்ட்ராக்டரின் ஆபீஸ் கண்டுபிடித்தது. அதற்குத் தூண்டுகோலாக இருந்த பெருமை, அங்கே மண் சுமந்த செங்கமலத்தைச் சேரும்.

பள்ளத்துக்குள் அவள் புருஷன் கொளஞ்சியப்பன் குனிந்து வெட்டுவான். மேலே இரண்டாள் உயரத்துக்கு மண்கரை. அதில் விரல் நுழையும் வெடிப்பைக் கண்டதும், கூடையைப் போட்டுவிட்டு மேனேஜர் குஞ்சிதபாதத்திடம் ஓடினாள்.

"ஐயா, கரை வெடிப்பு வுட்டுகினே போவுதுங்க. மழ வந்தா ஆளுங்க மேலயே சரிஞ்சிடுங்க!"

"வுட்டுகினேவா? என்ன பாஷை இது? மனுன்னா மனுஷனுக்குப் புரியவேணாமா?"

மேனேஜர் கருணை உள்ளவர். கரையைப் பார்க்கப் போகாமல், அன்றே 'பேச்சுத் திறன் வளர்ச்சிக் கமிட்டி'யைக் கூட்டினார். முட்டுக்கொடுக்க மரம் இல்லாத ஆபீஸில் கரும்பலகைக்கு மரம் கிடைத்தது. மதுரைப் பக்கத்திலிருந்து மருதமுத்து என்ற ஆசிரியரும் கிடைத்தார்.

ஷிப்டு முடிந்து, இடுப்பு கழன்றுவிடும் போலிருக்க, செங்கமலம் நாற்பது நாள் 'மழ'யை 'மழை' ஆக்கினாள். இதற்குள் வெடிப்பில் முழங்கை நுழைந்தது.

"சார், இன்னிக்கே போயி சொல்லிடட்டுங்களா? பயமா இருக்குதுங்க."

"பொறும்மா. 'சரிஞ்சிடும்' இல்ல, 'சரிந்துவிடும்'. அவசரப்பட்டா உச்சரிப்பு கெட்டுப்போகும்ல?"

நாற்பத்தோராம் நாள், தேர்ச்சிப் பத்திரத்தோடு மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, கரையில் வெடிப்பு அகன்றுகொண்டே போகிறது. மழை வந்தால் ஆட்கள்மீது சரிந்துவிடும்."

ஒரு பிழை இல்லை. குஞ்சிதபாதத்தின் முகம் கறுத்தது.

"மண்ணு சுமக்கிறவளுக்கு இவ்வளவு சுத்தமாப் பேச வருமா? யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க!"

"ஆமாங்க, நீங்கதான வாத்தியாரு வச்சி சொல்லிக்குடுத்தீங்க?"

"பாத்தியா, ஒத்துக்கிட்டா!" என்றார் குமாஸ்தாவிடம். 'பிறர் தூண்டுதலின் பேரில் கூறப்பட்டது' என்ற குறிப்போடு அவள் சொன்னது தள்ளுபடியானது.

அதற்கு மூன்றாம் நாள் மழை கொட்டியது. கரை சரிந்தது. கொளஞ்சியப்பனைத் தோண்டி எடுத்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

விசாரணை முறைப்படி நடந்தது. மேஜைக்குப் பின்னாலிருந்து குஞ்சிதபாதம் மிகுந்த அனுதாபத்தோடு, "அழுவாம, நடந்ததை உன் வாயால சொல்லும்மா" என்றார்.

"நாப்பது நாளா சொன்னேனே, அந்தப் பேச்சும் ஆவல, இந்தப் பேச்சும் ஆவல," என்றாள் செங்கமலம். "நீயே சொல்லுய்யா, எந்தப் பேச்சுல அழுவட்டும்?"