தலைவர் கார் கொடுத்துச் சிகரெட்டை விட்ட வரலாறு

உலகத்தில் கொடை கொடுத்தவர்கள் உண்டு. கெட்ட பழக்கத்தை விட்டவர்களும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே மேடையில், ஒரே பொன்னாடையில் செய்து முடித்த மாமனிதர் இந்தப் பூமியில் இதுவரை ஒருவர்தான். அவர் மதுரை ஆனையூரில் வசிக்கிறார். வீட்டு மனை விற்கிறார். எங்கள் 'அன்புச்சுடர் நற்பணி மன்ற'த்தின் நிரந்தரத் தலைவர், உயர்திரு சிவபாண்டி அவர்கள். நான் மன்றத்தின் செயலாளர். தேர்தலே நடக்காததால் நானும் நிரந்தரம்தான்.

தலைவர் முப்பது வருடமாகச் சிகரெட் பிடித்தவர். போன ஆவணியில் மாடிப்படி ஏறும்போது நாலாவது படியிலேயே நின்றுவிட்டார். டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்கெங்க வச்சு சிகரெட் குடிப்பீங்க?"

"வீட்ல குடிக்க மாட்டேன் சார். பாண்டிமீனா, என் வீட்டுக்காரி, விட மாட்டா. ஆபீஸ்ல ஏசி. கார்ல மட்டுந்தான்."

"அப்ப அந்த எடத்தை விட்டு முதல்ல விலகுங்க. பாதிப் பழக்கம் அதோட போயிரும்."

வேறு யாராக இருந்தாலும் சிகரெட் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுக் காரில் ஏறியிருப்பார்கள். அதெல்லாம் சாதாரண மூளை. தலைவர் வெளியே வந்து காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு அதன் முன்னால் நின்று முறைத்தார்.

"மாப்ள, இம்புட்டு வருசமா என்னையக் கெடுத்தது இந்தக் கார்தான்யா."

பதினோரு வருடத்தில் அந்தக் கார் சிகரெட் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும், "ஆமாண்ணே, அது மூஞ்சியே சரியில்ல" என்றேன்.

அன்று சாயங்காலமே அவசரச் செயற்குழு கூடியது. டீயும் வடையும் வந்தன. தீர்மானம் ஒன்று: மேற்படி காரை ஏதேனும் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு வழங்குவது. தீர்மானம் இரண்டு: புதுக் கார் வாங்கிக்கொள்ளும்படி தலைவரை வற்புறுத்துவது. இரண்டாவதைத் தலைவரே முன்மொழிந்தார். நீண்ட தயக்கத்துக்குப் பிறகு தலைவரே ஏற்றுக்கொண்டார்.

கொடை வாங்கும் பாக்கியம் உசிலம்பட்டிப் பக்கத்து இல்லம் ஒன்றுக்குக் கிடைத்தது. தங்கப்பொண்ணு என்ற பெண்மணி அதை நடத்தி வந்தார். கிரஷரில் கல் உடைத்து உடைத்து நெஞ்செல்லாம் தூசி அடைத்துப்போன ஏழு பேர் அங்கே இருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மூக்கில் மாஸ்க் மாட்டி மருந்து பிடிக்க வேண்டும். அவர்களில் முத்திருளன் என்பவருக்கு அறுபது வயது. பஸ் படியில் ஏறிவிட்டால் இறங்குவதற்கு மூச்சு மிச்சம் இருக்காது. 'பஸ்ஸில் அலைய வைக்காமல் கூட்டி வந்தால் இவர் இன்னும் சில வருடம் இருப்பார்' என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகத் தங்கப்பொண்ணு எங்களுக்கு நாலு முறை மனு எழுதியிருந்தார். என்றைக்காவது யாராவது கார் தருவார்கள் என்று நம்பி, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தார். எங்கள் மன்றத்தை அவ்வளவு நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

விழாவுக்குப் பதினெட்டு பிளக்ஸ் வைத்தோம். ஒன்றில் தலைவர் கன்னத்தில் கை வைத்து யோசித்தார். இன்னொன்றில் போனில் யாருக்கோ உத்தரவு போட்டார். 'எட்டாவது வள்ளலே! புகையை வென்ற புயலே!' என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான வாசகம். காரின் படமும் இருந்தது, மூலையில், தபால்தலை அளவில். ஏழு நோயாளிகளையும் ஆனையூருக்கு வரச் சொல்லியிருந்தோம். இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்து, பந்தலுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கார் அவர்களுக்குத்தான் என்றாலும், கையளிப்பதற்கு முன் அதில் ஏற்றி வருவது மரபல்ல.

தலைவர் தன் 'கடைசி சிகரெட்'டை மேடையில் ஒடித்தார். போட்டோகிராபர் தவறவிட்டதால் மேலும் மூன்று கடைசி சிகரெட்டுகளை ஒடித்தார். பிறகு இரண்டடி நீளத் தெர்மாகோல் சாவியைத் தங்கப்பொண்ணுவிடம் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டே அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, ஆர்சி புக்குல பேரு மாத்திக் குடுத்துருவீகளா?"

தலைவர் முகம் வாடிவிட்டது.

"ஏன் தாயி, கோயிலுக்கு டியூப்லைட்டு வாங்கிக் குடுக்குறோம். அதுல யாரு பேரு இருக்கும்?"

"குடுத்தவுக பேரு."

"சாமி பேரையா எழுதுறோம்?"

"இல்லண்ணே."

"அப்பறம்?"

எந்த ஆர்டிஓ ஆபீஸிலும் சட்டத்தை இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கியதில்லை. உபயம் என்றால் உபயதாரர் பெயர் இருந்தே தீர வேண்டும். ஆர்சியில் பெயரை மாற்றுவது டியூப்லைட்டில் பெயரைச் சுரண்டுவதற்குச் சமம். ஆகவே வண்டி தலைவர் பெயரிலேயே இருந்தது. வண்டி அவர் பெயரில் இருந்ததால் இரண்டாவது சாவியும் அவரிடமே இருந்தது. தங்கப்பொண்ணு கொஞ்சம் யோசித்தார். "ஓடுதுல்லண்ணே, அது போதும்" என்று கும்பிட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

கார் ஓடியது என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை முத்திருளன் முன்சீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று மத்தியானம் தங்கப்பொண்ணு எனக்குப் போன் பண்ணினார்.

"வண்டிக்குள்ள சிகரெட்டு வாட தாங்கலண்ணே, கண்ணாடிய எறக்கி விட்டுத்தான் போனோம். ஆனா எங்க முத்திருளண்ணே போய்ட்டு வந்து ரெண்டு இட்லி கூட சாப்புட்டாரு!"

இதைச் சொல்லும்போது அவர் அழுதார். எனக்கும் என்னவோ போல் இருந்தது. மன்றத்துக்கு வந்த பதினோரு வருடத்தில் நாங்கள் செய்த ஒரு காரியம் நிஜமாகவே யாருக்கோ உதவியிருந்தது. இதற்கு முன் அனுபவமில்லாததால், 'மன்றத்தின் சார்பில் நன்றி' என்று சொல்லி வைத்தேன்.

தலைவர் ஒன்பது நாள் சிகரெட்டைத் தொடவில்லை. பத்தாவது நாள் கை தானாகச் சட்டைப்பையைத் தேட ஆரம்பித்தது. வீட்டில் பாண்டிமீனா. ஆபீஸில் ஏசி. புதுக் காரில் குலசாமி படம். தெருவிலோ திரும்பிய பக்கமெல்லாம் 'புகையை வென்ற புயல்'. தன் படத்துக்குக் கீழேயே நின்று எப்படிப் பற்றவைப்பார், பாவம்?

"மாப்ள, குடுத்த பொருளு ஒழுங்காப் பயன்படுதான்னு நாம பாக்கணும்ல?"

"பாக்கணும்ணே."

"நாளைக்கிச் செவ்வாய். செவ்வாய்க்கெழம எவனும் எடம் வாங்க வர மாட்டான். வா, ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்."

காலை ஏழு மணிக்கு உசிலம்பட்டி போய்ச் சேர்ந்தோம். தலைவர் இரண்டாவது சாவியால் காரைத் திறந்தார். பழைய சீட்டில் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார். 'ஆய்வு' தொடங்கியது. சிறிது நேரத்தில் வெளியே நின்ற எனக்கு உள்ளே தலைவர் தெரியவில்லை. ஐந்து சிகரெட் அளவுக்கு ஆய்வு செய்துவிட்டு இறங்கினார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"வண்டி நல்ல கண்டிசன்ல இருக்கு" என்றார்.

முத்திருளன் சட்டை மாட்டி, மருந்துப் பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். தங்கப்பொண்ணு கார்க் கதவைத் திறந்து, உள்ளே மூக்கை நீட்டி, மூடிவிட்டார். "இதுல ஏத்துனா செக்கானூரணி போறதுக்குள்ள இவருக்கு இழுத்துரும். பொக போறதுக்குள்ள ஓபி சீட்டு முடிஞ்சிரும்" என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் போனார்கள். அடுத்த செவ்வாயும் ஆய்வு. அடுத்த செவ்வாயும் பஸ்.

மூன்றாவது செவ்வாய் தங்கப்பொண்ணு காருக்கு முன்னால் வந்து நின்றார்.

"வேற கெழமையில வாங்கண்ணே. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

"மத்த நாளெல்லாம் பத்திரப்பதிவு இருக்கு தாயி."

"அப்ப வண்டிய நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. பஸ்ஸுல எவனாச்சும் பத்த வச்சா கண்டக்டரு எறக்கி விட்டுருவாரு. இங்க ஒங்கள யாரு எறக்கி விடுறது?"

தலைவர் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். நான் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் செயலாளரின் கடமைகளில் வெட்கம் சேர்க்கப்படவில்லை.

"குடுத்ததத் திருப்பி வாங்குற பரம்பர இல்ல தாயி நாங்க" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுத் தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

நாலாவது செவ்வாய், விடிந்ததிலிருந்தே முத்திருளனுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் போனபோது தங்கப்பொண்ணு அவரைக் கைத்தாங்கலாகக் காரை நோக்கிக் கூட்டி வந்துகொண்டிருந்தார். தலைவர் முந்திக்கொண்டு ஏறிவிட்டார். நான் கண்ணாடியைத் தட்டினேன். இரண்டு விரலால், மரியாதையாகத்தான் தட்டினேன். உள்ளிருந்து ஒரு விரல் உயர்ந்தது. ஒன்றே ஒன்று என்று அர்த்தம். ஒன்று முடிந்ததும் இன்னொரு விரல் உயர்ந்தது. தங்கப்பொண்ணு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரைப் பஸ் நிறுத்தத்துக்கு நடத்திக்கொண்டு போனார். படியில் ஏற்றும்போது நானும் பின்னாலிருந்து தாங்கினேன். எலும்பும் சட்டையும்தான் கைக்கு வந்தன. பஸ் செக்கானூரணி தாண்டும்போது தங்கப்பொண்ணு தோளில் சாய்ந்தவர் பிறகு நிமிரவில்லை.

மன்றத்தின் சார்பில் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் அடித்தோம். தலைவர் நேரில் போய் மாலை வைத்தார். அவர் கண் கலங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதில் நடிப்பு இல்லை. தங்கப்பொண்ணு எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். மேஜையில் முத்திருளனின் ஆஸ்பத்திரி நோட்டு கிடந்தது. தலைவர் அதை எடுத்துப் புரட்டினார். முதல் பக்கத்தில் டாக்டர் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். 'புகைப்பழக்கம்: இல்லை.'

வெளியே வந்து காரில் சாய்ந்துகொண்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"பாத்தியா மாப்ள. ஆயுசுல ஒரு சிகரெட்டத் தொடாத மனுசன். அவருக்கே இந்தக் கதின்னா, நான் எதுக்குய்யா விடணும்?"

தலைவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் செயலாளர். பதில் எனக்குத் தெரியும். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு சட்டைப்பையைத் தடவ ஆரம்பித்துவிட்டார். நான் என் தீப்பெட்டியை எடுத்து உரசி, காற்றில் அணைந்துவிடாமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன்.